பயண இணைப்பாளர் வேலை: பிள்ளையை விடலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கின்றார். 2009 இல் கணவரை இழந்தவர். மகள் உயர்தரப் பரீட்சை எழுதி, ஆறு மாதக் கணினிப் பயிற்சியும் முடித்துவிட்டாள். அரசாங்க வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் கம்பனி ஒன்று ‘பயண இணைப்பாளர்’ என்ற பதவிக்கு அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கின்றதாம். “பெயரிலேயே பயணம் இருக்குது. பிள்ளை ஊர் ஊராய்த் திரிய வேணுமோ? இரவிலை ஆம்பிளையளோடை வாகனத்திலை போய் வர வேணுமோ? விடலாமோ எண்டு ஒருக்கா எழுதுங்கோ” என்று கேட்டிருக்கின்றார்.

இதே கேள்வியை என் அம்மாவும் கேட்டவர். 2018 மார்ச் முதல் 2022 டிசெம்பர் வரை கிளிநொச்சியில் நான் செய்தது இந்த வேலைதான். ஆகவே கண்டதையே எழுதுகின்றேன்.

முதலில் அம்மாமாரின் பயத்தைத் தீர்த்துவிடலாம். பயண இணைப்பாளர் மற்றவர்களை அனுப்பி வைப்பவர். தான் போவது மிகக் குறைவு. ஒரு மேசை, ஒரு கணினி, இரண்டு தொலைபேசி, ஓர் அலுமாரி நிறையக் கோவைகள். இவ்வளவுதான் அவருடைய உலகம். அத்தனை காலத்திலும் வேலைக்காக நான் கொழும்புக்குப் போனது மூன்றே மூன்று முறை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு அலுவலகக் கதவைப் பூட்டியதும் வேலை முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு வாகனம் புளியங்குளத்தில் பழுதாகி நின்றால் தொலைபேசி உங்கள் பிள்ளைக்குத்தான் வரும்.

அரசாங்கம் ஒரு வீதியையோ குடிநீர்த் திட்டத்தையோ பெரும்பாலும் தானே நின்று செய்வதில்லை. கேள்விப்பத்திரம் கோரி ஒரு கம்பனியிடம் கொடுக்கின்றது. ஊரில் கொந்தராத்து என்போமே, அதுதான். அந்த வேலையை மேற்பார்வை செய்ய இன்னொரு ஆலோசனை நிறுவனமும் இருக்கும். கொழும்பிலிருந்து பொறியியலாளர்கள் வருவார்கள். வெளிநாட்டு நிபுணர் இரண்டு கிழமைக்கு வந்து போவார். மண்ணும் தண்ணீரும் பரிசோதனைக்குப் போகும். அமைச்சில் கூட்டம் என்று திடீரென அழைப்பு வரும். இத்தனை பேரும் எதில் போவது, எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதெல்லாம் ஒரு மேசைக்கு வந்து சேரும். அந்த மேசை பெரும்பாலும் ஒரு பெண்ணின் மேசையாகவே இருக்கின்றது.

உதாரணமாக, கொழும்பில் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் மேல். ரயிலா, வானா என்பது முதல் கேள்வி. (ரயில் பாதை கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில். அதற்கு முன்னிருந்த இணைப்பாளர்களுக்கு இந்தக் கேள்வியே இருக்கவில்லை.) வான் என்றால், முதல் நாள் இரவிரவாய் ஓடிய சாரதியையே திரும்பவும் அனுப்பலாமா? அனுப்பக் கூடாது. ஆனால் பொறியியலாளருக்குப் பழகிய சாரதிதான் வேண்டுமாம். முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தாமல் எங்கள் சாரதிமார் போகவே மாட்டார்கள். கச்சானும் வாங்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரத்தை நான் அட்டவணையிலேயே சேர்த்துவிடுவேன். கொழும்பு முகாமையாளர் ஒருவர் அது என்ன தரிப்பு என்று கேட்டார். சொன்னேன். அடுத்த முறை வந்தபோது அவரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் எனக்கு முன்னிருந்த ஓர் அக்கா. 2014 ஒக்டோபரில் வெளிநாட்டவர் வடக்குக்கு வருவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நீக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட மாதங்களில் அனுமதிக்கு எழுதியும் தொலைபேசி எடுத்துமே பொழுது போனதாகச் சொல்வார். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எந்த விடுதியில் யாரிடம் கதைக்க வேண்டும், எந்தச் சாரதிக்கு நீரிழிவு, எந்த அதிகாரிக்கு மரக்கறிச் சாப்பாடு, எந்தப் பாலம் மழைக்கு மூடப்படும் என்று எல்லாம் அதில் இருந்தது. கணினி இருக்கும்போது கொப்பி எதற்கு என்று முதலில் நான் நினைத்ததுண்டு. 2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்தன. அன்று மாலையே ஊரடங்கு. வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் மறுநாள் இரவு கட்டுநாயக்கா போக வேண்டியவர். நான்கு மணி நேரம் முன்னரே விமான நிலையத்துக்கு வரும்படி அறிவித்தார்கள். வழியில் உள்ள விடுதி, சாரதியின் வீடு, பொலிஸ் நிலையம் எல்லாவற்றின் இலக்கங்களும் அந்தக் கொப்பியில்தான் இருந்தன. அவர் விமானம் ஏறிவிட்டார் என்ற தகவல் வரும்வரை வீட்டில் யாரும் படுக்கவில்லை. அம்மா விடிய விடியத் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டிருந்தார்.

இனிப் பணத்துக்கு வருவோம். பிள்ளையை வேலைக்கு விடும் அம்மா ஆம்பிளைகளுக்குப் பயப்படும் அளவுக்கு இதற்கும் பயப்பட வேண்டும்.

பயணச் செலவை இரண்டு விதமாகக் கொடுப்பார்கள். ஒன்று, நாளுக்கு இவ்வளவு என்று நிரந்தரத் தொகை. அதற்குத் துண்டு தேவையில்லை. மற்றது, செலவழித்ததற்குத் துண்டு காட்டிப் பெற்றுக்கொள்வது. இரண்டாவது முறையில் கம்பனி அந்தத் துண்டுகளை அரசாங்கத் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பித் தன் காசை மீளப் பெறும். ஆகவே நீங்கள் கோவையில் போடும் விடுதித் துண்டு பொதுமக்கள் பணத்துக்கான சாட்சி. சில வருடங்கள் கழித்தும் கணக்காய்வுக்கு வந்து அதைப் புரட்டுவார்கள். அந்தப் படிவத்தில் மூன்று கையெழுத்து இருக்கும்: தயாரித்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர். முதல் கையெழுத்து இணைப்பாளருடையது. அங்கீகரித்தவர் அதற்குள் வேறு நாட்டில் இருப்பார்.

ஒரு பொறியியலாளர் ஐந்து இரவு யாழ்ப்பாண நகரில் விடுதியில் தங்கியதாகத் துண்டு கொண்டுவந்து தந்தார். சாரதி எழுதும் ரன்னிங் சாட்டைப் பார்த்தேன். ஐந்து இரவும் வாகனம் சாவகச்சேரியில் நின்றிருக்கின்றது. அங்கே அவரின் தமக்கை வீடு. சில விடுதிக்காரர் வெற்றுத் துண்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். தொகையை நாங்களே நிரப்பிக்கொள்ளலாம். “தங்கச்சி, இது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான்” என்றார். நான் அவருடன் வாதாடவில்லை. ரன்னிங் சாட்டின் பிரதியைத் துண்டுகளோடு சேர்த்துக் குத்திக் கணக்காளரின் மேசையில் வைத்துவிட்டேன். கேட்க வேண்டியவர் கேட்டார். துண்டுகள் திரும்பிப் போயின. அந்த மனிதர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் அலுவலகத் தம்பியிடம் சொல்லி அனுப்பினார்.

ஆனால் எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. மறுநாள் காலை அந்தச் சாரதி வந்து, “பிள்ளை, என்னை மாட்டிவிட்டிடாதை, நான் நாட்சம்பளக்காரன்” என்றார். உண்மையை எழுதிய மனிதர் நடுங்கிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து எல்லாக் கோரிக்கைகளோடும், முகாமையாளருடையது உட்பட, ரன்னிங் சாட் பிரதி கட்டாயம் இணைக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எல்லோருக்கும் ஒரே விதி என்றானபின் ஒருவரைக் குறித்து யாரும் காட்டிக்கொடுத்ததாகாது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதல் கிழமையிலேயே இப்படி ஒரு விதி இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

2019 இல் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு பெண் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அதுவரை எங்களிடமிருந்த விடுதிப் பட்டியலில் வாடகை, குளிரூட்டி உண்டா, வாகனம் நிறுத்த இடமுண்டா என்பவைதான் இருந்தன. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கின்றதா, குளியலறை அறைக்குள்ளா வெளியிலா, அங்கே வேலை செய்பவர்களில் ஒரு பெண்ணாவது உண்டா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் ஆண்கள், அவர்களுக்கு அது தோன்றவில்லை. நானே ஒருநாள் போய் ஏழு விடுதிகளைப் பார்த்தேன். இரண்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்றில் தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் கதவில் ஓட்டையும் இருந்தது. நல்ல விடுதியோ அங்கீகரித்த தொகையை விடக் கூடுதலாகக் கேட்டது. “இவ்வளவு காலமும் ஆக்கள் தங்கின இடந்தானே?” என்று மேலிடத்தில் கேள்வி. இருவரும் ஒரே அறையில் இரண்டு கட்டிலோடு தங்கினால், இரண்டு தனி அறை எடுப்பதை விடக் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து விழுந்தது. பெண்களின் பாதுகாப்பு என்று எழுதிய பந்தியை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. கணக்கு வாசிக்கப்பட்டது. அலுவலகங்களில் எங்கள் தேவையைக் கேட்கும்போது பக்கத்தில் ஒரு கூட்டல் கழித்தலையும் போட்டுக் கொடுங்கள்.

களத்தில் மலசலகூடம் இன்னொரு பிரச்சினை. வெட்டவெளியில் நாள் முழுக்க அளவெடுக்கும் வேலை. மாதவிடாய் நாட்களில் அந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கின்றார்கள். வெட்கத்தில் சொல்லவில்லை. தெரிந்த பின்னர் அந்தந்த ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் தொலைபேசியில் கதைத்தேன். எந்த ஊரிலும் ஒரு வீட்டை ஒழுங்கு செய்து தந்தார்கள்.

அப்படிக் கதைக்கப் போய்த்தான் மதியச் சாப்பாடும் அங்கேயே எடுக்கலாம் என்ற எண்ணம் வந்தது. களவேலை நாட்களில் இருபது பார்சல், சில நாட்களில் முப்பதும் வேண்டும். அதுவரை நகரத்துக் கடையிலிருந்து வான் அனுப்பி எடுப்போம்; வந்து சேரும்போது ஆறிவிடும். கணவரை இழந்த நாலைந்து பெண்கள் சேர்ந்து சமைக்கும் ஒரு குழுவிடம் கொடுத்துப் பார்த்தேன். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. குறை துண்டில் வந்தது. கொப்பித் தாளில் ‘20 சாப்பாடு’ என்று எழுதித் தந்தார்கள். கணக்காளர் ஏற்கவில்லை. பின்னர் அவர்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, பெயரும் இலக்கமும் அச்சடித்த துண்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்களிடம் மட்டுமல்ல, பாடசாலைக் கட்டட வேலை செய்த இன்னொரு கம்பனியிடமும் ஓடர் கிடைத்தது. இதை வாசிக்கும் குழுக்கள் எதுவாயினும், அப்பமோ இடியப்பமோ தையலோ, இந்த ஒரு வேலையை உடனே செய்யுங்கள். அந்தப் பக்கத்தில் எங்களைப் போல ஒருத்தி உங்களுக்குத் தர விரும்பினாலும், பதிவும் துண்டும் இல்லாமல் அவளால் தர இயலாது.

மகளுக்கு இந்த வேலை ஏறுமா என்று யோசிக்கும் அம்மா தன்னை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். வவுனியாவில் ஒருநாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ் என்று வரிசையில் நின்றவர்கள் நாங்கள். ஓமந்தையில் என்ன கேட்பார்கள், முகமாலையில் என்ன கேட்பார்கள் என்று முதல் நாளே கேட்டறிந்து, பிறப்புச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் பொலித்தீனில் சுற்றி வைத்தவர்கள். காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளுக்காகக் கொழும்புக்குப் போகும் அம்மாக்களைப் பாருங்கள். நாற்பது பேருக்கு பஸ் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து, இரவு தங்க ஒரு மண்டபம் கேட்டு, மருந்து எடுப்பவர்களை முன் ஆசனத்தில் இருத்தி, கணக்கை ஒரு சதம் பிசகாமல் ஒப்புவிக்கும் பெண்கள் எங்களிடம் இருக்கின்றார்கள். சம்பளத்துக்கு நான் செய்ததும் இதுதான். இதைச் சொல்லி அவர்களைப் புகழ்ந்துவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த அலைச்சல் வராமலே இருந்திருக்க வேண்டும். ஆனால் நேர்முகத் தேர்வில் “அனுபவம் உண்டா?” என்று கேட்டால் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. செய்ததைச் சொல்லலாம்.

படிப்பைப் பொறுத்தவரை கணினியில் எக்ஸெல் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் பிழையில்லாமல் எழுத வேண்டும். எல்லாவற்றையும் விடச் சிங்களம் பேச வேண்டும். விடுதியும் சாரதியும் ரயில் நிலையமும் ஆங்கிலத்தில் ஓடுவதில்லை. நான் சிங்களம் பழகியது பாதி சாரதிமாரிடம். ஆதலால் என் சிங்களத்தில் இப்போதும் கொஞ்சம் ‘கராஜ்’ மணம் உண்டு.

அடுத்தது மிக முக்கியம். இந்த வேலை திட்டம் இருக்கும்வரைதான். 2022 ஏப்ரில் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. வெளிநாட்டுக் கடனில் நடந்த பல திட்டங்கள் இடையில் நின்றன. ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர் என்றால் 180 கிலோமீற்றர். கொழும்புக்கு ஒரு வழிக்கே போதாது. பயணங்கள் குறைந்தன. பயணம் இல்லாத இடத்தில் பயண இணைப்பாளர் எதற்கு? அந்த வருட முடிவில் என்னையும் இன்னும் பலரையும் நிறுத்தினார்கள்.

ஒரே வேலைகொள்வோரிடம் ஐந்து வருடம் முடித்தவருக்கு, அங்கே 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கிடைக்கும். எனக்கு இரண்டு மாதம் குறைவு. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சட்டப்படி கேட்கவும் இடமில்லை. கைகொடுத்தது ஊழியர் சேமலாப நிதி ஒன்றுதான். ஒப்பந்த வேலையானாலும், தற்காலிக வேலையானாலும், முதல் நாளிலிருந்தே அதற்கு உரித்துண்டு. சம்பளத்தில் 8 வீதம் எங்களுடையது, 12 வீதம் கம்பனியுடையது. அதைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி தனியே 3 வீதம் கட்ட வேண்டும். நான் 28,000 ரூபாவில் தொடங்கியவள். மாதம் 5,600 ரூபா சேமலாப நிதிக்குப் போனது. சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 58 மாதத்துக்கு வட்டி சேராமலே 324,800 ரூபா. பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். திருமணத்துக்காக வேலையை விட்டாலும் எடுக்க வழியுண்டு. எடுக்காமல் விட்டால் அங்கேயே கிடந்து வட்டி சேரும்.

ஆகவே நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை கேட்க வேண்டியவை இவை. நியமனக் கடிதம் எழுத்தில் தருவார்களா, திட்டம் எப்போது முடிகின்றது, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் எப்போது கிடைக்கும். “ஆலோசகர்” என்ற பெயரில் சேர்த்துக்கொண்டு சேமலாப நிதி கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. பெயர் பெரிதாக இருந்தாலும் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். அலுவலக நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புகளுக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டா? அலுவலகத் தொலைபேசி தருவார்களா, சொந்த இலக்கத்தைக் கொடுக்க வேண்டுமா? சொந்த இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம். ஐம்பது ஆண்களிடம் அந்த இலக்கம் போய்விட்டால் பிறகு திரும்பப் பெற இயலாது. பிந்தி வேலை முடியும் நாளில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வாகனம் தருவார்களா என்பதையும் கேட்கட்டும். எல்லோருக்கும் வாகனம் ஒழுங்கு செய்துவிட்டுத் தான் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இணைப்பாளர்களை நான் பார்த்திருக்கின்றேன்.

திட்டம் முடியப் போகின்றது என்று பேச்சு எழுந்த உடனேயே சேவைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என்னென்ன வேலை செய்தாள் என்பதை அதில் விபரமாக எழுதச் சொல்லுங்கள். எத்தனை பேரின் பயணங்களைப் பார்த்தாள், எவ்வளவு தொகைக்குக் கணக்குக் கொடுத்தாள் என்பதும் இருக்கட்டும். பொதுவாக ‘நற்பண்புள்ளவர்’ என்று எழுதித் தருவதோடு விடுவார்கள், அது அடுத்த வேலைக்கு உதவாது. அலுவலகம் மூடி, மேசைகளையும் ஏற்றிவிட்ட பிறகு அதில் கையெழுத்துப் போட அங்கே ஆள் இருக்காது.